பக்கவாத்தியம் இல்லாமல் பாடினால் சுருதி இறங்குகிறதா?

வணக்கம் தங்கச்சி. வெள்ளவத்தையில் 12 பேராகப் பாடுகிறோம், எஃப் மேஜர் சுருதியில் தொடங்கும் லத்தீன் பாடல் முடியும்போது அரைச் சுரம் கீழே, ஈ-க்கு இறங்கிவிடுகிறது, உச்சக் குரலில் பாடும் சோப்ரானோக்கள்தான் காரணமா என்று கேட்டிருந்தீர்கள். அவர்களை மட்டும் குறை சொல்லாதீர்கள். ஒரே சுரம் திரும்பத் திரும்ப வரும் இடத்திலும் படியிறங்கும் இடத்திலும்தான் பெரும்பாலும் சறுக்கும். ஆல்ட்டோ (தாழ்ந்த பெண்குரல்), டெனர் (உயர்ந்த ஆண்குரல்) வரிகளில் அப்படி இடங்கள் நிறைய. இறங்கும் படியைச் சிறிதாகவும் ஏறும் படியைப் பெரிதாகவும் நினைத்துப் பாடச் சொல்லுங்கள். சுருதிப் பெட்டியில் ஆதார சுரத்தை மெல்ல ஒலிக்கவிட்டு, சொற்களை விட்டு 'ஊ' என்று பாடுங்கள். எங்கே உரசுகிறதோ அங்கேயே நிறுத்தித் திருத்துங்கள். எங்கள் குழுவில் மின்விசிறியை நிறுத்திய அன்றே பாதி சரியாகிவிட்டது. கொழும்புப் புழுக்கத்தில் கஷ்டம்தான், ஆனால் பக்கத்துக் குரல் காதில் விழ வேண்டுமே! களைத்து வரும் மாலைகளில் அரைச் சுரம் மேலே, எஃப் ஷார்ப்பில் தொடங்கிப் பாருங்கள்.