பட்டறைப் பதில்கள்: கடைசிச் சுற்றுக்குப் பணம் இருக்கிறதா?

கேள்வி: அண்ணா, எனக்கு வயது 26. இராணிப்பேட்டை சிப்காட்டில் ஷிப்ட் வேலை பார்க்கிறேன். சின்ன வயதிலிருந்தே கார் பந்தயம் என்றால் உயிர். ஆறு லட்சம் சேர்த்து வைத்திருக்கிறேன். வீட்டில் பழைய ஸ்விஃப்ட் ஒன்று நிற்கிறது. அதையே பந்தயக் காராக மாற்றி, அடுத்த ஆண்டு தேசிய கார் பந்தயச் சாம்பியன்ஷிப்பில் ஓட்ட முடியுமா? எங்கிருந்து தொடங்குவது?
*குடியாத்தம் வாசகர்*

பதில்: தம்பி, சாம்பியன்ஷிப்பில் நீங்கள் ஓட்டலாம். ஆனால் அந்த ஸ்விஃப்ட்டில் இப்போதைக்கு ஒரு நட்டைக்கூடக் கழற்ற வேண்டாம்.

2004இல் நான் கழற்றினேன். பழைய எஸ்டீம் ஒன்றை வாங்கிக் கையில் இருந்ததையெல்லாம் அதில் போட்டேன். ரோல் கேஜ், அதாவது கார் உருண்டாலும் கூரை நசுங்காமல் காக்கும் குழாய்க் கூண்டு, அதைச் செய்யும் வேலையை நான் நம்பிய ஒரு பட்டறையில் கொடுத்தேன். வெல்டிங் சுத்தம், பெயின்ட் பளபளப்பு. சென்னைக்கு அருகே இருக்கிற இருங்காட்டுக்கோட்டை பந்தய டிராக்கில் வெள்ளிக்கிழமை காலை வண்டிப் பரிசோதனை. பரிசோதகர் குழாயின் விட்டத்தை அளந்தார், தடிமனைப் பார்த்தார். "இது மாடிப்படிக் கைப்பிடிக்குப் போடுகிற பைப்" என்றார். வண்டி டிராக்கில் இறங்கவில்லை. அந்த வார இறுதி முழுக்கக் கேலரியில் உட்கார்ந்து மற்றவர்கள் ஓட்டியதைப் பார்த்தேன். மெயின் ஹூப்புக்கு, அதாவது ஓட்டுநர் சீட்டுக்குப் பின்னால் நிற்கும் முக்கிய வளைவுக்கு, ஒட்டு இல்லாத சீம்லெஸ் குழாய் வேண்டும். 45 மில்லிமீட்டர் விட்டத்துக்கு 2.5 தடிமன், அல்லது 50க்கு 2 என்பது சர்வதேச விதி. அதை நான் முதலிலேயே படித்திருக்க வேண்டும். கேஜை மாற்றி அடுத்த சுற்றில் ஓட்டினேன். அதற்கடுத்த சுற்றுக்கு டயர் வாங்கப் பணமில்லை. என் சீசன் அங்கேயே முடிந்தது.

அதனால்தான் உங்களிடம் முதலில் கேட்கிறேன்: கடைசிச் சுற்றுக்குப் பணம் இருக்கிறதா? சாம்பியன்ஷிப் என்பது ஒரு நாள் திருவிழா இல்லை. ஆண்டு முழுக்கப் பல சுற்றுகள், ஒவ்வொன்றிலும் புள்ளிகள். வராத சுற்றுக்குப் புள்ளி கிடையாது. ஆறு லட்சத்தில் ஒன்றரை லட்சத்தை இன்றே தனியாக எடுத்து வையுங்கள். அது மோதினால், உடைந்தால் கொடுக்க வேண்டிய பணம். மீதியைச் சுற்றுகளின் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். ஒரு சுற்றின் செலவு அந்தப் பங்கைத் தாண்டினால், அடுத்த ஆண்டு சாம்பியன்ஷிப் வேண்டாம். ஒன்றிரண்டு பந்தயம் மட்டும் ஓட்டிவிட்டு இன்னும் ஓராண்டு சேருங்கள். 26 வயது, அவசரமில்லை.

சரி, சொந்தக் காரை மாற்றாமல் எப்படி ஓட்டுவது? பந்தய டீம் ஒன்றிடம் சீட்டை வாடகைக்கு எடுத்துத்தான். ஃபார்முலா எல்ஜிபி 4 பிரிவில் 1300 சிசி ஸ்விஃப்ட் எஞ்சின் பூட்டிய ஒற்றை இருக்கைக் கார்கள் ஓடுகின்றன. எல்லாருக்கும் ஒரே மாதிரி வண்டி என்பதால், கற்றுக்கொள்ள இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. புதியவர்களுக்கென்றே நோவிஸ் கப் பந்தயமும் உண்டு. வண்டி, மெக்கானிக், டயர் எல்லாம் டீமின் பொறுப்பு. ஓட்டுவதும் பணம் கட்டுவதும் உங்கள் பொறுப்பு. பேசும்போதே இவற்றை எழுத்தில் வாங்கிவிடுங்கள்: வாடகையில் எத்தனை டயர் அடக்கம், பயிற்சி நாள் சேர்த்தியா, மோதினால் யார் கட்டுவது, எஞ்சின் தானாகப் போனால் யார் கட்டுவது. கடைசி இரண்டும் வேறு வேறு கேள்விகள். சேர்த்துக் கேட்டால் மழுப்பலான பதில்தான் வரும்.

பந்தய உரிமத்தை இந்திய மோட்டார் விளையாட்டுக் கழகங்களின் கூட்டமைப்பான எஃப்எம்எஸ்சிஐ தருகிறது. டாக்டர் கையெழுத்திட்ட மருத்துவச் சான்று வேண்டும். ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும், ஜனவரியிலேயே முடித்துவிடுங்கள். அந்த மாதமே கம்பெனியில் லீவும் கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை பந்தயம்தானே என்று நினைத்துவிடாதீர்கள். வெள்ளிக்கிழமை பயிற்சியே தொடங்கிவிடும். ஷிப்ட் மாற்றிக்கொள்ள ஆள் கிடைக்காமல் சுற்றைத் தவறவிட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கடன் வாங்கியாவது வாங்க வேண்டியது ஹெல்மெட். பைக் ஹெல்மெட் செல்லாது. கார் பந்தய ஹெல்மெட் தீயைத் தாங்க வேண்டும், கேஜ் குழாயில் மோதினால் அதையும் தாங்க வேண்டும். சர்வதேச மோட்டார் விளையாட்டு அமைப்பான எஃப்ஐஏவின் 8859 தர ஸ்டிக்கர், அல்லது ஹெல்மெட்டைச் சோதித்துச் சான்று தரும் ஸ்னெல் அமைப்பின் எஸ்ஏ ஸ்டிக்கர் உள்ளே ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். உடைக்கு எஃப்ஐஏ 8856, கழுத்தைக் காக்கும் ஹான்ஸுக்கு 8858. இதில் ஒன்று சொல்லியாக வேண்டும். நம் ஆம்பூரிலும் இராணிப்பேட்டையிலும் பதப்படுத்தும் தோல் உலகமெல்லாம் போகிறது, அதில் எனக்குப் பெருமைதான். ஆனாலும் எஃப்ஐஏ லேபிள் இல்லாத கையுறை எவ்வளவு நல்ல தோலாக இருந்தாலும் பரிசோதனையில் தாண்டாது. தீப்பிடித்தால் எத்தனை நொடி தாங்கும் என்று சோதித்துப் போடும் முத்திரை அது.

உடம்பைத் தயார் செய்ய நம் ஊர் வெயில் போதும். பந்தய வண்டியில் ஏசி இல்லை, மேலே தீ தாங்கும் உடை. இருங்காட்டுக்கோட்டை டிராக் 3.717 கிலோமீட்டர், 12 வளைவு. டிராக்கைப் பத்து முறை சுற்றி வந்தால் 37 கிலோமீட்டர், ஏறக்குறைய இருபது நிமிடம். அந்த இருபது நிமிடமும் நிதானம் தவறக் கூடாது. பிப்ரவரியிலிருந்தே காலையில் ஓடுங்கள், கழுத்துக்குப் பயிற்சி செய்யுங்கள். அக்னி நட்சத்திரம் முடியும்போது உடம்பு பழகியிருக்கும். மதிய வெயிலில் மட்டும் ஓட வேண்டாம்.

அப்புறம், பைசா செலவில்லாத வேலை ஒன்று. இந்த சீசனிலேயே மார்ஷலாக, அதாவது டிராக் ஓரத்தில் நின்று கொடி காட்டுபவராகத் தொண்டு செய்ய, இருங்காட்டுக்கோட்டை டிராக்கை நடத்தும் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பில் கேளுங்கள். டிராக் நம் பெங்களூர் நெடுஞ்சாலையிலேயே இருக்கிறது. வேலூரிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர், சென்னை பஸ் ஏறினால் ஸ்ரீபெரும்புதூர் தாண்டி இறங்கிக்கொள்ளலாம். வளைவின் ஓரத்தில் கொடியோடு இரண்டு நாள் நின்றவனுக்கு, ஆபத்தைச் சொல்லும் மஞ்சள் கொடியைக் கண்டால் கால் தானாக ஆக்சிலேட்டரை விடும். யார் எங்கே பிரேக் பிடிக்கிறார்கள், யார் எதனால் வெளியே போகிறார்கள், எல்லாம் கண்ணில் படும். சோழவரம் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம் நடந்த காலத்தில் என் மாமா காட்பாடியிலிருந்து ரயிலில் கூட்டிப்போய் வேலியோரம் நிறுத்தினார். நான் இந்தப் பக்கம் வந்ததே அந்த வேலியோரத்தில் நின்றதால்தான்.

கேள்வி: என் மகனுக்கு 16 வயது. ரேஸ் ஓட்ட வேண்டும் என்கிறான். ராத்திரியில் நண்பர்களோடு வாலாஜா பைபாஸில் பைக் ஓட்டுவதாகக் கேள்விப்பட்டேன். பயமாக இருக்கிறது. ரேஸுக்கு அனுப்பலாமா?
*ஆற்காட்டிலிருந்து ஒரு தாய்*

பதில்: அம்மா, முதலில் பைபாஸை நிறுத்துங்கள், இன்றைக்கே. அந்த நெடுஞ்சாலையில் என் சிநேகிதன் ஒருவனைப் பறிகொடுத்தேன். லாரி யூ-டர்ன் எடுத்ததை அவன் பார்க்கவில்லை. பொதுச்சாலையில் பந்தயம் ஓட்டுவது மோட்டார் வாகனச் சட்டம் 189ஆம் பிரிவின்படி குற்றம், முதல் தடவையே மூன்று மாதம் வரை சிறை கிடைக்கலாம்.

டிராக்கில் எதிரே வண்டி வராது, லாரி திரும்பாது. ஆம்புலன்ஸ் நிற்கும், கொடி காட்ட ஆள் இருக்கும். அங்கேயும் ஆபத்து உண்டு, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒவ்வொரு ஆபத்துக்கும் முன்கூட்டி யோசித்து வைத்திருப்பார்கள். 18 வயதுக்குக் கீழே பெற்றோர் கையெழுத்து இல்லாமல் பந்தய உரிமம் கிடையாது, ஆகவே கடிவாளம் உங்கள் கையில். முதலில் சின்னப் பந்தய வண்டிகள் ஓட்டும் கார்ட்டிங் டிராக்குக்குக் கூட்டிப்போங்கள். 2005இல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியர் நரேன் கார்த்திகேயன் கோயம்புத்தூர்க்காரர்தான் என்று பையனிடம் சொல்லுங்கள். தடுப்பதைவிட இடத்தை மாற்றிக் கொடுப்பது பலிக்கும் என்று நம்புகிறேன்.

கேள்வி: பயிற்சி நாளில் என் சொந்தக் காரை டிராக்கில் ஓட்டினேன். நாலாவது சுற்றில் பிரேக் பெடல் தரைவரை போய்விட்டது. வெளியே வந்ததும் சரியாகிவிட்டது. என்ன கோளாறு?
*சத்துவாச்சாரி வாசகர்*

பதில்: பிரேக் ஆயில் கொதித்திருக்கிறது. டாட் 4 என்ற தரத்தில் வரும் புதிய ஆயில் குறைந்தது 230 டிகிரி தாங்க வேண்டும் என்பது விதி. நாள்பட ஈரத்தை இழுத்துக்கொண்டால் அந்த வரம்பு 155க்கு இறங்கிவிடும். கொதித்தால் குமிழி வரும், பெடல் அந்தக் குமிழியைத்தான் அமுக்கும். சூடு ஆறியதும் பெடல் திரும்பி வரும். வந்துவிட்டதே என்று அப்படியே அடுத்த ஓட்டத்துக்குப் போகாதீர்கள். சீல் உடைக்காத புது பாட்டில் வாங்கி முழுவதும் மாற்றி, பிரேக் குழாயில் நிற்கும் காற்றை வெளியேற்றுங்கள். பிரேக் பேடையும் பாருங்கள். இன்னொன்று, சாதாரண இன்சூரன்ஸ் பாலிசி பந்தயத்துக்கும் வேகச் சோதனைக்கும் செல்லாது. அங்கே இடித்தால் செலவு முழுக்க உங்களுடையது.

மூன்று சுற்று வேகமாக ஓட்டினால் நாலாவதை மெதுவாக, பிரேக் அதிகம் தொடாமல் ஓட்டி ஆறவிடுங்கள். பிட்டுக்குள், அதாவது டிராக்கை விட்டு வண்டி நிறுத்தும் இடத்துக்குள், வந்ததும் ஹேண்ட் பிரேக் இழுக்காதீர்கள், சூடான டிரம்மில் ஷூ ஒட்டிக்கொள்ளும். கியரில் விட்டுச் சக்கரத்துக்குக் கல் வையுங்கள்.