ஜானர்: ரீதிகௌளை (கடிதம்)

அன்புள்ள சார்,

இலக்கியம் பேசும் இடத்தில் கம்ப்யூட்டர் சந்தேகம் கேட்கலாமா என்று தெரியவில்லை. கேட்டுவிடுகிறேன். அப்பா மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அண்ணன் வெளிநாட்டிலிருந்து வாங்கி வந்த ஐபாட் கிளாசிக் என்ற பாட்டுப் பெட்டிதான் (160 ஜிபி) அவருக்கு உயிர். பழைய கேசட்டுகளை எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றி, ஒவ்வொரு பாட்டுக்கும் படம், இசையமைப்பாளர், ராகம் என்று தானே டைப் செய்து அதில் போட்டு வைத்திருக்கிறார். அந்தக் கம்ப்யூட்டர் எப்போதோ போய்விட்டது. பொங்கலுக்கு ஒரு டேப்லட் வாங்கிக் கொடுத்து, பாட்டுச் செயலிக்கு ஒரு வருடச் சந்தாவும் கட்டினேன். அம்மா காலையில் சுப்ரபாதம் அதில்தான் கேட்கிறார். அப்பா தொடக்கூட மாட்டேன் என்கிறார். "அதுல எல்லாப் பாட்டும் இருக்கும்மா, என் பாட்டு இல்ல" என்பதுதான் பதில்.

ஐபாடின் சார்ஜ் இப்போது அரை மணி நேரம்கூட நிற்பதில்லை. என் லேப்டாப்பில் செருகினேன். எல்லாவற்றையும் அழித்துவிட்டு ஒத்திசைக்கவா என்று கேட்டது. பயந்து பிடுங்கிவிட்டேன். "எல்லாம் 128 கேபிபிஎஸ், செயலியில் இதைவிட நல்ல தரத்தில் இருக்கும்போது எதுக்கு மெனக்கெடுற?" என்கிறார் என் கணவர். இது அப்பாவின் பிடிவாதம்தானா? சந்தாவைப் புதுப்பிப்பதா, விடுவதா?

ம.,
ஈரோடு

அன்புள்ள ம.,

முதல் காரியமாக ஒன்று: ரத்து என்பதைத் தவிர வேறு எதையும் அந்தத் திரையில் அழுத்திவிடாதீர்கள். ஐபாட் ஒரு கணினியின் பாட்டு நூலகத்தோடு பிணைக்கப்பட்டது. புதுக் கணினியில் ஆப்பிளின் ஐட்யூன்ஸ் மென்பொருளைத் திறந்து செருகினால், "இது வேறொரு நூலகத்தோடு சேர்ந்தது, அழித்துவிட்டு என்னுடையதை ஏற்றட்டுமா?" என்று கேட்கும். சரி என்றால் நிஜமாகவே அழித்துவிடும். அப்பாவின் கம்ப்யூட்டர் போய்விட்டது என்கிறீர்கள். அப்படியானால் அவருடைய இத்தனை வருட உழைப்புக்கு உலகத்தில் இருக்கும் ஒரே பிரதி அந்தக் கையடக்கப் பெட்டிதான். உள்ளே சுழல்வது 1.8 அங்குல ஹார்ட் டிஸ்க். அந்த மாடலை ஆப்பிள் 2014-லேயே நிறுத்திவிட்டது. ஐபாட் வரிசையே 2022 மே மாதத்தோடு முடிந்தது. ஆகவே பிடிவாதமா இல்லையா என்ற விசாரணையைப் பிறகு வைத்துக்கொள்ளலாம், பிரதி எடுப்பது இந்த வாரமே நடக்கட்டும்.

ஐட்யூன்ஸ் இல்லாத ஒரு விண்டோஸ் கணினியில் செருகுங்கள். பென் டிரைவ் போலத்தான் தெரியும். (மேக்கில் ஃபார்மட் செய்ததாக இருந்தால் விண்டோஸ் படிக்காது, மேக் வைத்திருக்கும் யாரையாவது பிடிக்க வேண்டும்.) பாட்டு எதுவும் கண்ணில் படாது. 'மறைந்திருக்கும் கோப்புகளைக் காட்டு' என்பதை இயக்கினால் 'ஐபாட் கன்ட்ரோல்' என்றொரு ஃபோல்டர் வெளியே வரும். அதற்குள் 'மியூசிக்', அதற்குள் எஃப்00, எஃப்01 என்று வரிசையாக ஃபோல்டர்கள். பாட்டுகள் அங்கேதான் இருக்கின்றன. ஆனால் பெயர்களைப் பார்த்துத் திடுக்கிட வேண்டாம். எல்லாம் பொருளற்ற நான்கெழுத்துகளாக இருக்கும். அப்பா டைப் செய்தது கோப்பின் பெயரில் இல்லை, கோப்புக்குள்ளே டேக்காக, அதாவது விவரக் குறிப்பாக இருக்கிறது. 'ஐபாட் கன்ட்ரோல்' ஃபோல்டரை முழுசாக ஹார்ட் டிஸ்கில் ஒரு பிரதி எடுங்கள், அண்ணனிடம் ஒரு பிரதி இருக்கட்டும். பிறகு எம்பி3டேக் போன்ற ஒரு மென்பொருளில் திறந்தால் டேக்கைப் படித்துக் கோப்புகளுக்குப் பெயர் வைத்துத் தரும். ஐபாடின் முதுகுத் தகடு உப்பியிருக்கிறதா என்று மட்டும் முதலில் பாருங்கள். உப்பியிருந்தால் சார்ஜில் போடாமல் பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள்.

இனி அப்பா சொன்ன வாக்கியத்துக்கு வருவோம். "எல்லாப் பாட்டும் இருக்கு, என் பாட்டு இல்ல." எனக்கு இது பிடிவாதமாகத் தெரியவில்லை, துல்லியமான குற்றச்சாட்டாகத் தெரிகிறது.

எம்பி3 கோப்பில் பாட்டின் விவரத்தை எழுத ஐடி3 என்ற முறை 1996-இல் வந்தது. கோப்பின் கடைசியில் 128 பைட். பாட்டின் பெயருக்கு 30 எழுத்து, கலைஞருக்கு 30, ஆல்பத்துக்கு 30, ஆண்டுக்கு 4, குறிப்புக்கு 30. 'ஜானர்' எனப்படும் இசைவகைக்கு ஒரே ஒரு பைட், அதாவது பட்டியலிலிருந்து ஓர் எண். அந்தப் பட்டியலில் முதலில் இருந்தவை 80 வகைகள். போல்காவுக்கு இடம் உண்டு, கர்நாடக சங்கீதத்துக்கு இல்லை. பட்டியலின் பூஜ்யம் ப்ளூஸ். டேக் எழுதும் மென்பொருள் ஜானரைக் கவனிக்காமல் பூஜ்யமாக விட்டுவிட்டால் எந்தப் பாட்டும் ப்ளூஸ் ஆகிவிடும். அந்தக் காலத்து எம்பி3 சிடிக்களில் டி.எம்.எஸ். ப்ளூஸ் பாடிக்கொண்டிருந்தது இப்படித்தான்.

பின்னால் வந்த ஐடி3-இன் இரண்டாம் பதிப்பில் இந்த நெருக்கடி தீர்ந்தது. ஜானரில் எதை வேண்டுமானாலும் எழுதலாம். இசையமைப்பாளருக்குத் தனி இடம், பாடலாசிரியருக்கும் தனி இடம். உங்கள் அப்பா ராகத்தை எழுதியதாகச் சொல்கிறீர்களே, அது ஜானர் கட்டத்தில்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். ஐபாடில் ஜானர் பக்கத்தைத் திறந்து ரீதிகௌளை என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால், 1977-இல் இளையராஜா போட்ட 'சின்னக் கண்ணன் அழைக்கிறான்', 1999-இல் ரஹ்மானின் 'அழகான ராட்சசியே', 2008-இல் ஜேம்ஸ் வசந்தனின் 'கண்கள் இரண்டால்' மூன்றும் அடுத்தடுத்து நிற்கக்கூடும். முப்பது வருடத்தில் மூன்று பேர் ஒரே ராகத்தை எப்படி எப்படிக் கையாண்டார்கள் என்பதை அந்த ஒரு பக்கம் காட்டிவிடும். எந்தச் செயலியும் இந்தப் பக்கத்தைத் தானாகத் திறந்து காட்டி நான் பார்த்ததில்லை. அதற்குத் தெரிந்ததெல்லாம் கலைஞர், ஆல்பம், நம் 'மூட்'. கண்ணதாசனையோ வாலியையோ கண்டுபிடிக்கப் பல செயலிகளில் பாட்டுக்கு உள்ளே போய், மூன்று புள்ளியை அழுத்தி, விவரம் பார்க்க வேண்டியிருக்கிறது. நாம் பாட்டை நினைவில் வைத்திருக்கும் விதமே வேறு. படத்தின் பெயர் சொல்லிக் கேட்போம், "எம்.எஸ்.வி. மியூசிக்" என்போம், "வாலி எழுதினது" என்போம். அப்பா தன் நினைவு எப்படி அடுக்கப்பட்டிருக்கிறதோ அப்படியே அந்தப் பெட்டியை அடுக்கியிருக்கிறார். அது நூலகர் செய்யும் வேலை. அந்த அடுக்கு செயலியில் இல்லை என்றுதான் அவர் சொல்கிறார்.

கேசட்டிலிருந்து வந்தவை என்பதால் இன்னொன்றும் உண்டு. கடையில் பட்டியல் எழுதிக் கொடுத்து 60, 90 நிமிடக் கேசட்டில் பதிவு செய்து வாங்கிய தலைமுறைக்கு ஒரு பாட்டு முடியும்போதே அடுத்த பாட்டின் முதல் வயலின் காதில் கேட்க ஆரம்பித்துவிடும். அந்த வரிசை வேறு யாரிடமும் இல்லை. ஒரு மணி நேரக் கேசட்டைக் கணினியில் ஏற்ற ஒரு மணி நேரம் ஓடவிட்டே ஆக வேண்டும் என்பதையும் யோசித்துப் பாருங்கள். அவற்றில் திருச்சி வானொலிக் கச்சேரியோ கோயில் திருவிழாப் பதிவோ இருந்தால் அது எந்தச் செயலியிலும் இருக்க வாய்ப்பில்லை.

உங்கள் கணவர் சொல்லும் கணக்கில் தப்பில்லை. சிடியின் தரம் நொடிக்கு 1411 கிலோபிட் (கேபிபிஎஸ் என்பது இதுதான்), 128 என்பது அதில் பதினொன்றில் ஒரு பங்கு. ஆனால் மூலமே கேசட் என்னும்போது அந்தக் குறை பெரிதாகக் கேட்காது. "சரி, 320-க்கு மாற்றிவிடலாம்" என்று மட்டும் யாரும் கிளம்ப வேண்டாம். போன ஒலி திரும்பி வராது, கோப்புதான் பருக்கும். உள்ளது உள்ளபடி இருக்கட்டும்.

செயலியில் 'டவுன்லோடு' செய்தால் நம்முடையதாகிவிடும் என்றொரு நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அது பூட்டிய கோப்பு. ஸ்பாட்டிஃபை என்ற பாட்டுச் செயலியில் 30 நாளுக்கு ஒரு முறையாவது இணையத்தில் தலைகாட்டாவிட்டால் டவுன்லோடு செய்தது போய்விடும். சந்தா நின்றாலும் அப்படியே. ஸ்பாட்டிஃபை இந்தியாவுக்கு வந்தது 2019 பிப்ரவரியில். சில வாரங்களில் சரிகமா நிறுவனம் டெல்லி உயர்நீதிமன்றத்துக்குப் போக, அதன் பாட்டுகள் நீக்கப்பட்டன. 2020 மே மாதம் ஒப்பந்தம் ஆன பிறகே திரும்பி வந்தன. பழைய எச்.எம்.வி. பாட்டுகளின் உரிமை சரிகமாவிடம் இருப்பதால், இடைப்பட்ட காலத்தில் அங்கே தேடியவர்களுக்குத் பழைய தமிழ் சினிமாப் பாட்டுகள் பல காணாமல் போயிருந்தன. அப்பாவின் பெட்டிக்கு இந்தச் செய்தியே போய்ச் சேர்ந்திருக்காது.

அவரிடம் எனக்கு ஒரு குறை உண்டு. இவ்வளவு பாடுபட்டவர் இரண்டாவது பிரதி எடுக்காமல் இருந்திருக்கக் கூடாது. நேரில் சொல்ல வேண்டாம், நீங்களே எடுத்துவிடுங்கள்.

டேப்லட்டும் வீணில்லை. மெமரி கார்டு போடும் வசதி இருந்தால் கார்டிலும், இல்லாவிட்டால் உள்நினைவகத்திலும் பாட்டுகளை ஏற்றி, விஎல்சி பிளேயரைப் போட்டுக் கொடுங்கள். அது டேக்கைப் படிக்கும், ஜானர் வாரியாகவும் காட்டும். ராகப் பட்டியல் அப்படியே வந்துவிடும். வராதது பிளேலிஸ்ட்கள்தான். அவை ஐபாடின் தரவுத்தளக் கோப்புக்குள் இருக்கின்றன. எடுக்க வழிகள் உண்டு, ஆனால் சுலபமான வழி ஒவ்வொரு பிளேலிஸ்டையும் திறந்து செல்போனில் படம் பிடித்துக்கொள்வது. அரை மணி நேரச் சார்ஜில் முடியாது, சார்ஜரில் செருகியபடி செய்யுங்கள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவை உட்காரவைத்து அவர் சொல்லச் சொல்ல டேப்லட்டில் அடுக்குங்கள். எழுத்துப்பிழை மாதிரி ஏதாவது தென்பட்டால் அவரைக் கேட்காமல் திருத்தாதீர்கள்.

அப்படியும் அவர் டேப்லட்டைத் தொடவில்லை என்றால் வற்புறுத்த வேண்டாம். ஐபாடின் வட்டத்தை இருட்டில், கண்ணை மூடிக்கொண்டு, கட்டைவிரலால் சுழற்றிப் பாட்டு மாற்றலாம். கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு திரையைத் தடவுவது அதற்கு ஈடில்லை. கிளாசிக்குக்குப் பேட்டரி மாற்றித் தருபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பிரதி எடுத்த பிறகு மட்டும் அவர்களிடம் கொடுங்கள்.

சந்தாவைப் புதுப்பியுங்கள். அம்மாவுக்கு சுப்ரபாதம் வேண்டுமே.