பெற்றவர்தான் பேச வேண்டுமா?

கேள்வி: அன்புள்ள அக்கா, எனக்கு வயது 38. குடியாத்தம் பக்கம். கல்யாணமாகிப் பதிமூன்று வருஷம், குழந்தை இல்லை. பார்க்காத வைத்தியம் இல்லை. நானும் அவரும் பேசி, போதும் என்று நிறுத்திவிட்டோம். பீடி சுற்றும் பெண்களின் சங்கத்தில் இருக்கிறேன். போன மாதக் கூட்டத்தில் தொகுதி மறுவரையறை, அதாவது ஜனத்தொகைப்படி எம்.பி. தொகுதிகளை மறுபடி பிரிப்பது, பற்றிப் பேச்சு வந்தது. ‘ஜனத்தொகை குறைந்தால் எம்.பி. சீட்டும் குறையும், நம்ம ஜனங்க இனிமே நிறையப் பெத்துக்கணும்’ என்றார் மூத்த தோழர் ஒருவர். ‘அதுக்குப் பொம்பளைங்க வயிறுதான் கெடைச்சுதா அண்ணே’ என்று கேட்டேன். ‘உனக்கென்னம்மா, பெத்து வளத்திருந்தா தெரியும்’ என்றார். யாரும் வாய் திறக்கவில்லை. சென்னையில் இருக்கும் என் சித்தி மகள் பிள்ளையே வேண்டாம் என்று முடிவெடுத்தவள். ‘நீ குடுத்து வச்சவ அக்கா’ என்கிறாள். அதுவும் குத்துகிறது. இதற்கு நடுவில் எங்கள் தெருவில் 22 வயசுப் பெண் ஒருத்தி, கைக்குழந்தைக்கு எட்டு மாதம்கூட ஆகவில்லை, மறுபடி உண்டாகியிருக்கிறாள். வேண்டாம் என்று என்னிடம் வந்து அழுகிறாள். புருஷன் வீட்டில் ஒத்துக்கொள்ளவில்லை. குழந்தை இல்லாத நான் அவளைக் கூட்டிக்கொண்டு போனால் ஊர் என்ன பேசும் என்று எனக்குத் தெரியும். இதையெல்லாம் பேசுவதை நான் விட்டுவிடட்டுமா?
– பெயர் வேண்டாம்

பதில்: அன்புத் தங்கைக்கு, உங்கள் கேள்விக்கு அப்புறம் வருகிறேன். முதலில் அந்தப் பெண். அவள் விஷயத்தில் ஒவ்வொரு வாரமும் முக்கியம்.

பால் கொடுக்கும் தாய்க்குப் பிரசவத்துக்குப் பிறகு மாதவிலக்கு திரும்பாமலே கரு தங்கிவிடுவது உண்டு. அதனால் எத்தனை வாரம் என்பது அவளுக்கே சரியாகத் தெரியாமல் இருக்கலாம். நாற்பது நாள் என்று நினைத்துக்கொண்டிருப்பாள், ஸ்கேன் பார்த்தால் மூன்று மாதம் தாண்டியிருக்கும். ஆகவே முதலில் ஸ்கேன். 1971-ஆம் ஆண்டின் கருக்கலைப்புச் சட்டப்படி 18 வயது நிறைந்த பெண்ணுக்கு அவளுடைய சம்மதம் மட்டும் போதும். புருஷன் கையெழுத்தோ மாமியார் அனுமதியோ தேவை இல்லை. சில இடங்களில் வழக்கமாகக் கேட்பார்கள், ஆனால் சட்டம் அதைக் கேட்கவில்லை. 2021-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு 20 வாரம் வரை தகுதி பெற்ற ஒரு மருத்துவரின் கருத்து போதும். மனநலத்துக்குக் கேடு என்பதும், கருத்தடை பலிக்காமல் போனது என்பதும் சட்டம் ஏற்கும் காரணங்கள். அவள் பெயரை வெளியில் சொல்ல மருத்துவருக்கு அனுமதி கிடையாது. உங்களுக்கு அருகில் குடியாத்தம் அரசு மருத்துவமனை இருக்கிறது, பெரிய இடம் வேண்டுமென்றால் வேலூர் பக்கம் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கி வீட்டிலேயே போட்டுக்கொள்ள மட்டும் விடாதீர்கள். அப்புறம் இன்னொன்று: ‘காப்பர் டி போட்டுக்கொண்டால்தான் செய்வோம்’ என்று யாராவது சொன்னால், அப்படி நிபந்தனை போட முடியாது என்று நிதானமாகச் சொல்லுங்கள். போட்டுக்கொள்வதா வேண்டாமா என்பது அவள் இஷ்டம்.

அவளைத் தனியாக உட்காரவைத்து ஒரு தடவை கேளுங்கள், நிஜமாகவே வேண்டாமா, இல்லை பயத்தில் சொல்கிறாளா என்று. வேண்டாம் என்றால் கூடப் போங்கள். பெற்றுக்கொள்கிறேன் என்று மனம் மாறினால் அதற்கும் கூட நில்லுங்கள். ஊர் பேசும், உண்மைதான். பிள்ளை பெற்ற ஒருத்தியையும் துணைக்கு அழைத்துக்கொண்டால் உங்கள் மேல் விழும் பேச்சு கொஞ்சம் குறையும்.

சரி, இனி உங்கள் கூட்டம்.

அந்த அண்ணனின் கவலை பொய்யில்லை. நாடாளுமன்றத் தொகுதிகளின் எண்ணிக்கையை 1971 கணக்கெடுப்போடு நிறுத்தி வைத்தது 1976-இல் வந்த 42-ஆவது அரசியலமைப்புத் திருத்தம். அதை 2026-க்குப் பிந்தைய முதல் கணக்கெடுப்பு வரை நீட்டியது 84-ஆவது திருத்தம். குடும்பக் கட்டுப்பாட்டைச் சொன்னபடி செய்த மாநிலம் அதற்காகவே நஷ்டப்படக் கூடாது என்பது நியாயமான வாதம். எனக்கும் அதில் உடன்பாடு உண்டு. 2025 மார்ச்சில் நாகப்பட்டினத்தில் ஒரு கல்யாணத்தில், புதுமணத் தம்பதிகள் உடனே பிள்ளை பெற்றுக்கொள்ள வேண்டும் என்று அப்போது முதலமைச்சராக இருந்த ஸ்டாலின் சொன்னதும் இந்தக் கவலையில்தான். பக்கத்து ஆந்திராவில் சந்திரபாபு நாயுடுவும் அதற்குச் சில மாதங்கள் முன்பு இதே மாதிரி பேசினார்.

ஆனால் அந்தச் ‘சொன்னபடி செய்தது’ யாருடைய உடம்பு? ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் (2019–21), இந்தியாவில் திருமணமான பெண்களில் 37.9 சதவீதம் பேர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். ஆண்களின் அறுவையை நம்பியிருந்த தம்பதிகள் 0.3 சதவீதம். நெருக்கடி நிலைக் காலத்தில் ஆண்களைப் பிடித்துக்கொண்டுபோய் அறுத்தார்கள். அந்தக் கொடுமைக்குப் பிறகு எந்த அரசும் ஆண்கள் பக்கம் போகத் துணியவில்லை, பாரம் முழுக்கப் பெண்கள் மேல் இறங்கியது. முறத்தை மடியில் வைத்துக்கொண்டு, கத்தரியால் இலை வெட்டி, தூள் வைத்துச் சுருட்டி, நூல் கட்டிக்கொண்டே உங்கள் சங்கத்துப் பெண்கள் பேசுவதைக் கேட்டுப் பாருங்கள். ஆபரேஷன் செய்த இடத்து வலி இன்னும் போகவில்லை என்பாள் ஒருத்தி. பிரசவ வார்டிலேயே காப்பர் டி போட்டு அனுப்பினார்கள், வீட்டுக்கு வந்துதான் தெரிந்தது என்பாள் இன்னொருத்தி. நேற்று நிறுத்து என்றார்கள், இன்று பெறு என்கிறார்கள். இரண்டு தடவையும் அவளைக் கேட்கவில்லை.

அதே கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரிக் குழந்தைகள் 1.8, பீகாரில் 3.0. இந்த இடைவெளியைக் குடியாத்தத்துப் பெண்கள் பெற்று அடைக்க முடியுமா? தொகுதிக்கான சண்டையை நாடாளுமன்றத்தில்தான் போட வேண்டும். இன்னும் ஒன்று கேளுங்கள் அந்த அண்ணனை. 2017-இல் திருத்திய மகப்பேறு சட்டம் முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரச் சம்பள விடுப்பு, மூன்றாவதுக்கு 12 வாரம்தான் என்று வகுத்தது. நம் மாநிலத்தின் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டமும் இரண்டு பிரசவம் என்றுதான் வகுக்கப்பட்டது. ஆயிரம் பீடிக்கு இத்தனை என்று கூலி வாங்குகிறவள் மூன்றாவதைப் பெற்றால் அவள் வீட்டு அடுப்பு எப்படி எரியும்?

‘பெத்திருந்தா தெரியும்’ என்ற பேச்சுக்கு வருகிறேன். காமராஜருக்குக் கல்யாணமே ஆகவில்லை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சோறு போட்டபோது ‘உனக்கென்ன தெரியும்’ என்று யார் கேட்டார்கள்? பெரியாருக்குப் பிறந்த ஒரே பெண் குழந்தை ஐந்து மாதத்தில் போய்விட்டது, பிறகு பிள்ளை இல்லை. ஏறக்குறைய நூறு வருஷத்துக்கு முன்பே அவர் தம் குடி அரசு இதழில் கர்ப்பத்தடை பற்றி எழுதினார். தாயின் உடல்நலம், நாட்டின் வறுமை என்று மற்றவர்கள் காரணம் சொன்னபோது, பெண் விடுதலை பெறுவதற்காக என்று எழுதியவர் அவர். அவருடைய உயிர் பிரிந்தது நம் வேலூர் சி.எம்.சி.யில்தான். அந்த மருத்துவமனையை உண்டாக்கிய ஐடா ஸ்கடர் அம்மையாரும் கல்யாணம் செய்துகொள்ளாதவர். ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் பெண் மருத்துவர் இல்லாமல் செத்துப்போனதைப் பார்த்துத்தான் டாக்டருக்குப் படிக்கப் போனார். பிரசவ வலி தெரியாதவர் என்று அவரை யாராவது திருப்பி அனுப்பியிருந்தால் இந்த ஜில்லாவில் எத்தனை தாய்மார் செத்திருப்பார்கள்!

ஆகவே தங்கச்சி, கூட்டத்தில் பேசுவதற்கு நீங்கள் உங்கள் ஸ்கேன் ரிப்போர்ட்டையும் ஊசி போட்ட கதையையும் கொண்டுபோய்க் காட்ட வேண்டியதில்லை. நிறைய பேர் இரக்கம் வரட்டும் என்று அதைச் சொல்லிவிட்டு, அப்புறம் வருத்தப்படுகிறார்கள். நீங்களாக விரும்பிச் சொன்னால் சொல்லுங்கள், யாரும் பறித்துக்கொள்ளக் கூடாது.

உங்கள் சித்தி மகள் சொன்னது குத்தத்தான் செய்யும். அவள் வேண்டாம் என்று விட்டது, நீங்கள் வேண்டும் என்று ஏங்கி நின்றது. கார்த்திகைக் கடை ஞாயிற்றில் விரிஞ்சிபுரம் சிம்மக்குளத்தில் முழுகி, பிள்ளை வரம் வேண்டி ஈரப் புடவையோடு கோயிலில் படுத்துக் கனவுக்குக் காத்திருக்கும் பெண்களை நீங்கள் அறிவீர்கள், ஒருவேளை நீங்களே படுத்திருக்கலாம். அந்த ஆசையில் பிற்போக்கு எதுவும் இல்லை. அதற்காக நீங்கள் யாரிடமும் வெட்கப்பட வேண்டாம். ‘எனக்கு அது விடுதலையாக வரலைடி, அழுது அழுதுதான் வந்தது’ என்று அவளிடம் நேராகச் சொல்லிவிடுங்கள். அவள் புரிந்துகொள்வாள் என்றே நினைக்கிறேன், ஏனென்றால் அவளையும் ‘எப்போ விசேஷம்’ என்று கேட்டுக் குடைகிறவர்கள் உங்களைக் குடைந்த அதே ஆட்கள்தான். பிள்ளை வேண்டாம் என்கிற அவள், வேண்டும் என்று தவித்த நீங்கள், இப்போது முடியாது என்று அழும் அந்தத் தெருப்பெண் மூவருக்கும் தேவைப்படுவது ஒன்றுதான்: என் வயிற்றைப் பற்றி நான் முடிவு செய்கிறேன், மற்றவர்கள் தள்ளி நில்லுங்கள். பிள்ளை பெறுவதும் பெறாததும் பெண்ணின் தனிமனித சுதந்திரத்தில் சேர்ந்தது என்று உச்ச நீதிமன்றமே 2009-இல் சொல்லிவிட்டது.

பேசுவதை விட்டுவிடாதீர்கள். ஆனால் மேடையில் பதிலடி கொடுக்கவும் போகாதீர்கள். அவரைத் தனியாகப் பார்த்து, ‘அண்ணே, அன்னைக்கு நீங்க பேசினது அரசியல் இல்ல, என்னைத்தான் பேசினீங்க’ என்று சொல்லுங்கள். நல்ல மனுஷர் என்றால் அவருக்கு உறைக்கும். அடுத்த கூட்டத்துக்கு முன்னால் பெண்கள் மட்டும் ஒரு மாலை உட்காருங்கள். மறுவரையறை பற்றிச் சங்கம் தீர்மானம் போடட்டும், அதை எழுதும் வேலையை நீங்களே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டின் தொகுதி குறையக் கூடாது என்பது முதல் வரியில் இருக்கட்டும், எத்தனை பெற வேண்டும் என்று எந்தக் கட்சியும் பெண்களுக்குச் சொல்லக் கூடாது என்பது இரண்டாவது வரியில். மூன்றாவதாக, எல்லாப் பிரசவத்துக்கும் உதவித்தொகை கேளுங்கள்.