கூட்டுக்குள் விளக்கடித்துப் பாருங்கள்: ரீலோடிங் கேள்வி–பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் "எத்தனை கிரெயின் பவுடர் போடலாம்?" என்று கேட்டவைதான். (பவுடர் என்றால் வெடிமருந்து, கிரெயின் அதை நிறுக்கும் மிகச் சிறிய எடை அளவு.) அதற்கு இங்கே பதில் கிடைக்காது. ஏன் என்பதைக் கீழே ஓரிடத்தில் சொல்லியிருக்கிறேன். நீங்கள் இருக்கும் இடத்தில் வீட்டில் தோட்டா நிரப்பச் சட்டம் இடம் தருகிறதா, தனி உரிமம் வேண்டுமா என்று பார்த்துவிட்டு மேலே படியுங்கள். இன்னொன்று: நான் தோட்டா என்று எழுதினால் முழுசாகச் சேர்த்தது. பறந்து போவது குண்டு. கையில் மிஞ்சுகிற பித்தளை கூடு. அந்தக் கூட்டை மறுபடி நிரப்புவதுதான் ரீலோடிங். கூட்டின் அடியில் செருகி, அடிபட்டதும் பவுடரைப் பற்றவைப்பது பிரைமர்.

புதிதாக ஆரம்பிக்கிறேன். சிங்கிள் ஸ்டேஜ் பிரஸ் வாங்கவா, நேராக புரோகிரசிவ் வாங்கவா?

பிரஸ் என்பது கைப்பிடியை இழுத்துத் தோட்டாவைச் சேர்க்கும் இயந்திரம். மாதத்துக்குச் சில நூறு தோட்டாதான் என்றால் சிங்கிள் ஸ்டேஜ் போதும். வேகம் குறைவுதான், ஆனால் ஒரு நேரத்தில் ஒரே வேலை. சுட்டதில் விரிந்த கூட்டைச் சுருக்கும்போது கை என்ன உணர்கிறது, பிரைமர் உட்காரும்போது எப்படி இருக்கிறது என்பதெல்லாம் அதில்தான் பழகும். புரோகிரசிவில் கைப்பிடியை ஒருமுறை இழுத்தால் நான்கைந்து வேலை ஒன்றாக நடக்கும். தப்பும் நான்கைந்து இடத்தில் ஒன்றாக நடக்கும். போட்டிக்குப் போக ஆரம்பித்து, வாரம் நூற்றுக்கணக்கில் சுடும் நிலை வந்த பிறகு மாறிக்கொள்ளலாம். பழைய பிரஸ் அப்போதும் வீணாகாது.

என் 9 மி.மீ. தோட்டாக்கள் காலிப்பரில் அளந்தால் சரியாக இருக்கின்றன. பிஸ்டலில் மட்டும் பத்தில் ஒன்று முழுசாக உள்ளே போகாமல் நிற்கிறது. ஏன்?

காலிப்பர் என்ற அளவுக்கருவியால் நீங்கள் பார்த்தது நீளத்தை மட்டும் என்று நினைக்கிறேன். 9 மி.மீ. தோட்டாவின் மொத்த நீளத்துக்கு உச்ச வரம்பு 29.69 மி.மீ. அதற்குள் இருந்தாலே எல்லாக் குழலிலும் போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. குண்டின் மூக்கு கூர்மையா, மொண்ணையா என்பதைப் பொறுத்து அதே நீளம் ஒரு குழலில் போகும், இன்னொன்றில் முட்டும்.

பிஸ்டலைக் காலி செய்து, இன்னொரு முறை பார்த்து, குழலைத் தனியே கழற்றுங்கள். அறை (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் இடம்) மேலே பார்த்தபடி பிடித்துத் தோட்டாவை உள்ளே விடுங்கள். தானாக விழுந்து 'டக்' என்று உட்கார வேண்டும். விரலால் சுழற்றினால் சுழல வேண்டும். கவிழ்த்தால் தானாக வெளியே விழ வேண்டும். மூன்றில் ஒன்று நடக்கவில்லை என்றாலும் அந்தத் தோட்டா உங்கள் குழலுக்குப் பொருந்தவில்லை.

எங்கே இடிக்கிறது என்று கண்டுபிடிக்கக் கறுப்பு மார்க்கர் போதும். தோட்டா முழுக்கப் பூசி, அறையில் விட்டு, லேசாகத் திருப்பி எடுங்கள். குண்டின் மேல் மை சுரண்டியிருந்தால் மூக்கு குழலுக்குள் திருகலாக ஓடும் வரிப்பள்ளத்தில் முட்டுகிறது; குண்டை இன்னும் ஆழமாக இறக்க வேண்டும். ஆனால் ஆழம் கூடினால் உள்ளே இடம் குறையும், அழுத்தம் ஏறும். அதனால் பவுடரை அட்டவணை சொல்லும் தொடக்க அளவுக்குக் குறைத்து மறுபடி படிப்படியாக வாருங்கள். கூட்டின் வாயில் சுரண்டியிருந்தால், குண்டை வைக்க விரித்த வாய் சரியாக மூடவில்லை. அடிப்பக்கம் சுரண்டியிருந்தால், வேறொரு தளர்ந்த அறையில் வெடித்து வீங்கிய கூடு அது. ரேஞ்சில் (சுட்டுப் பழகும் இடத்தில்) பொறுக்கிய கூடுகளில் இது சகஜம்.

நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் எனக்கு வாய் மேல்தான் சந்தேகம். கூட்டின் நீளம் ஒன்றுக்கொன்று கொஞ்சம் மாறும். நீளம் குறைந்த கூட்டில் கிரிம்ப் டை (விரித்த வாயை மூடும் அச்சு) வாயைச் சரியாகத் தொடாமலே விட்டுவிடும். பத்தில் ஒன்று என்ற கணக்கு அதற்குப் பொருந்துகிறது. வாய்ப் பகுதி 9.65 மி.மீ.க்கு மேல் போகாமல் பாருங்கள். அதற்காக இறுக்கித் தள்ளவும் வேண்டாம். இந்தத் தோட்டா அறையில் கூட்டின் வாயை வைத்துத்தான் நிற்கிறது. வாயை உள்ளே மடக்கிவிட்டால் நிற்க இடமில்லை. ஈயக் குண்டாக இருந்தால் அதையும் நசுக்கிக் குறியைக் கெடுக்கும்.

பவுடர் போட்டோமா இல்லையா என்று நடுவில் சந்தேகம் வந்துவிடுகிறது. எடை போட்டு முடிந்த தோட்டாவைச் சோதிக்கலாமா?

முடியாது. கூடுகளின் எடையும் குண்டுகளின் எடையும் ஒன்றுக்கொன்று மாறும். அந்த வித்தியாசம் மட்டுமே சில கிரெயின் வரும், பிஸ்டலுக்குப் போடும் பவுடரும் சில கிரெயின்தான். தராசு உங்களை ஏமாற்றிவிடும்.

நானே பட்டிருக்கிறேன். புரோகிரசிவ் வாங்கிய முதல் வருடம். நிரப்பிக்கொண்டிருந்தபோது போன் வந்தது, பேசிவிட்டு வந்து கைப்பிடியை இழுத்தேன். அவ்வளவுதான். அடுத்த வாரம் ரேஞ்சில் ஆறாவதோ ஏழாவதோ குண்டுக்கு 'டமார்' வரவில்லை, 'புஸ்' என்று ஒரு சத்தம். சுட்டதும் பின்னால் ஓடி அடுத்த தோட்டாவை ஏற்ற வேண்டிய ஸ்லைடு அசையவில்லை. ஓடிக்கொண்டிருந்த டைமரின் வேகத்தில் என் இடது கை ஸ்லைடைப் பின்னால் இழுத்து அடுத்ததை ஏற்றப் போய்விட்டது. பக்கத்தில் இருந்தவர் "நிறுத்து!" என்று கத்தியதால் நின்றேன். குழலைக் கழற்றிப் பித்தளைக் கம்பியை விட்டால் பாதியிலேயே நின்றது. குண்டு உள்ளே மாட்டியிருந்தது. பவுடரே இல்லாமல் பிரைமர் மட்டும் அதை அந்த இடம் வரை தள்ளியிருக்கிறது. அடுத்ததைச் சுட்டிருந்தால் குழல் வீங்கியிருக்கும், இல்லை கிழிந்திருக்கும்.

அதற்குப் பிறகு போனை வேறு அறையில் வைத்துவிட்டுத்தான் உட்காருகிறேன். நடுவில் எழுந்தால், திரும்பி வந்ததும் பிரஸ்ஸில் நிற்கும் கூடுகள் எல்லாவற்றையும் எடுத்துக் கொட்டிவிடுவேன். நீங்கள் சிங்கிள் ஸ்டேஜ் என்றால் வழி இன்னும் சுலபம். 50 கூடுகளையும் கட்டையில் நிறுத்திப் பவுடர் போட்டு, குண்டு வைப்பதற்கு முன் டார்ச் அடித்து வரிசையாகப் பாருங்கள். காலியாக இருப்பது கறுப்பாகத் தெரியும். இரண்டு முறை விழுந்தது மற்றவற்றை விட மேலே நிற்கும்.

அந்த இரண்டாவது ஆபத்துதான் பெரியது. ஆகவே பவுடர் தேர்ந்தெடுக்கும்போது, ரீலோடிங் நூல் சொல்லும் அளவே கூட்டில் பாதிக்கு மேல் நிரப்பும் வகையைப் பாருங்கள். இரட்டையாக விழுந்தால் வழிந்து மேசையில் கொட்டி உங்களைக் கூப்பிடும். .38 ஸ்பெஷல் என்ற ரிவால்வர் தோட்டாவின் கூடு, அதிக இடம் பிடிக்கும் கரும்பொடி என்ற பழைய வெடிமருந்துக் காலத்தில் வந்தது, உள்ளே இடம் தாராளம். வேகமாக எரியும் பவுடர் அதில் இரண்டு மடங்கு விழுந்தாலும் சத்தமில்லாமல் உட்கார்ந்துகொள்ளும். அந்தக் கூட்டுக்கு டார்ச் கட்டாயம்.

நண்பர் அவருடைய அளவைக் கொடுத்தார். அவர் பிஸ்டலும் என்னுடையதும் ஒரே மாடல். அப்படியே போடலாமா?

வேண்டாம். குண்டின் வடிவம், அது இறங்கும் ஆழம், பிரைமர், பவுடரின் லாட் (தயாரிப்புத் தொகுதி), குழல் என்று ஐந்து இடத்தில் வித்தியாசம் வரும். பவுடர் கம்பெனியோ குண்டுக் கம்பெனியோ அச்சிட்ட அட்டவணையில் தொடக்க அளவு இருக்கும். அங்கே ஆரம்பியுங்கள். என்னிடம் கேட்டவர்களுக்கும் இதே பதில்தான்.

மைனர் பவர் ஃபேக்டருக்கு எவ்வளவு கூடுதலாக வைத்துக்கொள்வது? போன போட்டியில் மயிரிழையில் தப்பினேன்.

கணக்கு உங்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தோட்டாவின் வலிமையைக் காட்டும் எண்தான் பவர் ஃபேக்டர், அதில் கீழ் வகுப்பு மைனர். குண்டின் எடையை கிரெயினில் எடுத்து, நொடிக்கு எத்தனை அடி என்ற வேகத்தால் பெருக்கி, 1000ஆல் வகுக்க வேண்டும். ஐபிஎஸ்சி (சர்வதேச நடைமுறைச் சுடுதல் கூட்டமைப்பு) போட்டியில் மைனருக்கு 125 வேண்டும். 124 கிரெயின் குண்டு 1050 அடி வேகத்தில் போனால் 130.2 வரும், நிம்மதி. அதே குண்டு 1008 அடி என்றால் 124.99, போட்டியில் பங்கெடுக்கலாம், மதிப்பெண் கணக்கில் வராது.

நான் 130க்குப் பக்கத்தில் வைத்துக்கொள்வேன். வெயிலில் அளந்த வேகம் குளிரில் வராது, குண்டின் வேகத்தை அளக்கும் உங்கள் குரோனோகிராஃபும் போட்டி நடத்துபவர்களுடையதும் ஒரே எண்ணைக் காட்டாது. சராசரியை மட்டும் பார்க்காமல் பத்து குண்டில் மிகவும் மெதுவாகப் போனது எது என்று பாருங்கள். உங்களைக் கவிழ்க்கப் போவது அதுதான். உதைப்பு குறைய வேண்டும் என்றால் 147 கிரெயினுக்கு மாறிப் பார்க்கலாம்: 880 அடி வேகத்திலேயே 129.36 வந்துவிடும். சிலருக்கு அந்த மெதுவான தள்ளல் பிடிக்கும். எனக்குப் பிடிக்கவில்லை, குறி திரும்பி வரக் காத்திருப்பது போலத் தோன்றுகிறது.

குண்டு உள்ளே நகர்ந்துவிடும் என்கிறார்கள். கிரிம்பை இறுக்கினால் போதுமா?

9 மி.மீ.யில் குண்டைப் பிடித்து நிறுத்துவது கூட்டின் சுவர், கிரிம்ப் அல்ல. தோட்டாவை அளந்து, மூக்கை மேசை விளிம்பில் வைத்துக் கட்டைவிரலால் நன்றாக அழுத்தி, மறுபடி அளங்கள். குறைந்திருந்தால் கூட்டைச் சுருக்கும் சைசிங் டையைப் பாருங்கள், அல்லது வாயைத் தேவைக்கு மேல் விரிக்கிறீர்களா என்று பாருங்கள்.

ரிவால்வரில் சிலிண்டர் திடீரென இறுகிக்கொள்கிறது. எண்ணெய் விட்டும் சரியாகவில்லை.

பிரைமர் துருத்திக்கொண்டிருக்கும். தோட்டாவைத் தட்டையான கண்ணாடி மேல் நிறுத்துங்கள், ஆடினால் அதுதான். பிரைமர் கூட்டின் அடிமட்டத்துக்குச் சற்றுக் கீழே இருக்க வேண்டும். விரலால் தடவினாலே தெரியும். முடிந்த தோட்டாவில் துருத்துகிற பிரைமரை மறுபடி அழுத்தி உள்ளே தள்ளப் பார்க்காதீர்கள். பிரித்துவிடுங்கள்.

கூடுகளைச் சுத்தம் செய்யும் தூசி ஆபத்தா?

ஆமாம். வழக்கமான பிரைமர்களில் ஈயச் சேர்மம் உண்டு, சுட்ட பிறகு அது கரியோடு கூட்டில் ஒட்டியிருக்கும். உலர் டம்ளரை (கூடுகளைத் தண்ணீரில்லாமல் தேய்த்துச் சுத்தம் செய்யும் இயந்திரத்தை) வீட்டுக்குள் ஓட்டாதீர்கள், திறந்து சலிக்கும்போது முகக்கவசம் போடுங்கள். நான் தண்ணீரும் எஃகு ஊசியும் போட்டுச் சுற்றும் முறைக்கு மாறிவிட்டேன், தூசியே எழாது. கூட்டைக் காயவைப்பதுதான் தொல்லை. ரீலோடிங் மேசையில் தின்பது, குடிப்பது எதுவும் வேண்டாம்.

பிரைமர்களை மூடி போட்ட கண்ணாடி பாட்டிலில் கொட்டி வைத்திருக்கிறேன். ஈரம் படாது அல்லவா?

ஈரம் படாது. ஒன்று வெடித்தால் எல்லாம் சேர்ந்து வெடிக்கும், கண்ணாடி சில்லு உட்பட. அது வந்த தட்டில், வந்த பெட்டியில் இருப்பதே அவை ஒன்றையொன்று தொடாமல் இருக்கத்தான். பாட்டிலைக் குலுக்காமல், கீழே போடாமல் ஓர் ஓரமாக வையுங்கள். உங்கள் ரேஞ்ச் அதிகாரியிடம் சொல்லி, எப்படி அப்புறப்படுத்துவது என்று இன்றைக்கே கேளுங்கள்.