தொப்பி அணிய ஆசை, ஆனால் எல்லோரும் என்னையே பார்ப்பார்களோ என்ற கூச்சம். எப்படிப் போக்குவது?

நீங்கள் அஞ்சும் அளவுக்கு யாரும் உங்களைக் கவனிப்பதில்லை. கார்னெல் பல்கலைக்கழக உளவியலாளர் தாமஸ் கிலோவிச் குழுவினர் 2000-இல் வெளியிட்ட ஆய்வில், சங்கடமூட்டும் படம் அச்சிட்ட டி-சர்ட்டை மாணவர்களுக்கு அணிவித்து, சக மாணவர்கள் இருந்த அறைக்குள் அனுப்பினார்கள். அறையில் ஏறத்தாழப் பாதிப்பேர் படத்தைக் கவனித்திருப்பார்கள் என்று அணிந்தவர்கள் எண்ணினார்கள். உண்மையில் கவனித்தவர்கள் கால்வாசிப்பேர்தான்.

என்னைக் கேட்டால், கூச்சத்தில் பெரும்பங்கு அளவு பொருந்தாததால் வருகிறது. இறுக்கமான தொப்பி நெற்றியில் தடம் பதிக்கும். தளர்ந்தது காற்றில் பறக்கும். இரண்டுமே கையை அடிக்கடி தலைக்குக் கொண்டுபோகும். அந்தக் கைதான் உங்கள் தயக்கத்தைக் காட்டிக்கொடுக்கிறது! நடு நெற்றியிலும் காதுகளுக்குச் சற்று மேலேயும் படும்படி அளவுநாடாவைச் சுற்றி, அந்தச் சென்டிமீட்டர் அளவிலேயே வாங்குங்கள். கொஞ்சம் தளர்வு இருந்தால் உட்புறப் பட்டைக்குள் மெல்லிய நுரைப்பட்டையைச் செருகலாம். விளிம்பு தோள்களின் அகலத்தைத் தாண்டாமல் இருப்பது நல்லது.

தொப்பி எடுப்பாக இருந்தால் மற்ற உடைகள் எளிமையாக இருக்கட்டும். நிறத்தை உங்கள் விருப்பத்துக்கே விட்டுவிடுகிறேன். முதலில் வீட்டில் அதை அணிந்தபடியே வேலை செய்யுங்கள். தலையில் இருப்பதே மறந்துபோகும் நிலை வந்ததும் வெளியே கிளம்புங்கள்.