கலை வரலாறு படிப்பவருக்குக் கணினியால் என்ன பயன், படத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பதைத் தவிர?

முதுகலை ஆய்வேட்டுக்குத் தலைப்புத் தேடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். 'ஏஐ வைத்து ஏதாவது பண்ணு' என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். இந்தத் துறையில் கணினி உருப்படியாகச் செய்த வேலைகளில் ஒன்று, ஓவியத் துணியின் நூலிழைகளை எண்ணியது.

ஐரோப்பிய எண்ணெய் வண்ண ஓவியங்களில் பெரும்பாலானவற்றின் அடியில் இருப்பது தறியில் நெய்த துணி. (நம் பத்திரிகைகள் கேன்வாஸை 'திரைச்சீலை' என்று எழுதுவதை எப்போது நிறுத்துமோ! திரைச்சீலை ஜன்னலில் தொங்குவது.) ஒரு சென்டிமீட்டரில் பாவு (நீளவாக்கில் ஓடும் நூல்) எத்தனை, ஊடை (குறுக்கே ஓடும் நூல்) எத்தனை என்று தெரிந்தால், இரண்டு ஓவியங்களும் ஒரே சுருளில் வெட்டியவையா என்று பார்க்கலாம். முன்பு எக்ஸ்ரே படத்தின் மேல் அளவுகோலை வைத்து எண்ணுவார்கள். பத்து இடம் எண்ணுவதற்குள் கண் பூத்துவிடும். 2000களின் பிற்பகுதியில் ரிச்சர்ட் ஜான்சன், டான் ஜான்சன் என்ற இரு மின்பொறியியல் பேராசிரியர்கள், ஆம்ஸ்டர்டாம் வான் கோ அருங்காட்சியகத்தோடு சேர்ந்து இதைக் கணினியிடம் ஒப்படைத்தார்கள்.

எக்ஸ்ரேயில் தெரிவது நூல் அல்ல, அதன் அச்சு. துணியில் முதலில் பூசும் ஈய வெள்ளை, நூல்களுக்கு நடுவிலுள்ள பள்ளத்தில் தடிமனாகத் தங்கி எக்ஸ்ரேயை மறிக்கும். அந்த இடம் வெளுப்பாக விழும். வெறும் சீமைச்சுண்ணாம்பு பூசிய துணி என்றால் நெசவு சரியாகத் தெரியாது, நேரத்தை வீணாக்காதீர்கள்.

வீட்டுக் கணினியிலேயே முயன்று பார்க்கலாம். எக்ஸ்ரே படம் 600 டிபிஐ-யில் (ஓர் அங்குலத்துக்கு 600 பிக்சல்), அசல் அளவில் ஸ்கேன் ஆகியிருக்க வேண்டும். அப்போது ஒரு சென்டிமீட்டருக்கு 236 பிக்சல். இமேஜ்ஜே என்ற இலவச மென்பொருளில் 256-க்கு 256 பிக்சல் சதுரம் தேர்ந்தெடுங்கள். ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று அதிகம். எஃப்எஃப்டி (படத்தில் எது எவ்வளவு இடைவெளியில் திரும்பத் திரும்ப வருகிறது என்று பிரித்துக் காட்டும் கணக்கு) கொடுத்தால் கறுப்பில் சில வெண்புள்ளிகள் வரும். புள்ளியின் மேல் கர்சரை வைத்தால் ஒரு சுழற்சிக்கு எத்தனை பிக்சல் என்று காட்டும். 19.7 என்றால் 236-ஐ அதால் வகுங்கள்: சென்டிமீட்டருக்கு 12 நூல்.

சறுக்கும் இடம் ஒன்று உண்டு. சாதா நெசவில் நூல் ஒன்று விட்டு ஒன்று மேலும் கீழும் போவதால், பாதி எண்ணிக்கையிலும் புள்ளி தோன்றும். அதைப் பிடித்துக்கொண்டு 6 என்று எழுதிவிடுவார்கள். இரண்டு மூன்று இடத்தில் கண்ணால் எண்ணிச் சரிபாருங்கள். சட்டக் கட்டையின் நிழல் விழுந்த பகுதியைத் தவிர்த்துவிடுங்கள். பின்னால் ஒட்டுத்துணி போட்ட ஓவியமானால், அந்த நெசவும் சேர்ந்து விழுந்திருக்கிறதா என்று கவனியுங்கள்.

சராசரி எண் மட்டும் போதாது. 12-க்கு 12 துணி ஊரெல்லாம் கிடைத்தது. அரை சென்டிமீட்டருக்கு ஒரு தடவை அளந்து, சராசரியிலிருந்து எவ்வளவு கூடுகிறது, குறைகிறது என்று நிறம் தீட்டினால் பட்டை பட்டையாக வரும். அந்தப் பட்டை வரிசைதான் அடையாளம். பாவுப் பட்டைகள் பொருந்தினால் ஒரே பாவு நூல்கள் இரண்டிலும் ஓடுகின்றன, அதாவது சுருளின் நீளவாக்கில் வெட்டியவை. ஊடை பொருந்தினால் சுருளின் அகலத்தில் அக்கம்பக்கம் இருந்தவை. ஊடையைத் தட்டும் கை ஒரே சீராக இருக்காது. அதனால் ஊடையில் ஏற்ற இறக்கம் பொதுவாக அதிகம்.

பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் உள்ள, டச்சு ஓவியர் வெர்மீரின் 'சரிகை பின்னுபவள்', நியூயார்க் லைடன் தொகுப்பில் உள்ள 'வர்ஜினல் முன் அமர்ந்த இளம்பெண்' (வர்ஜினல் என்பது பழைய விசைப்பலகை இசைக்கருவி) இரண்டும் சுமார் 25-க்கு 20 செ.மீ. அளவுள்ள சின்னப் படங்கள். இரண்டாவது அவர் வரைந்ததுதானா என்று நெடுநாள் சண்டை. இரண்டின் துணியும் ஒரே சுருள் என்று இந்த முறையில் காட்டினார்கள்.

'அப்படியானால் வெர்மீர்தான் என்று நிரூபணமாகிவிட்டதே' என்று கமெண்டில் வருவீர்கள். இல்லை. ஒரே துணி, ஒரே கை ஆகாது. 1888 இறுதியில் பிரான்ஸின் ஆர்ல் நகரில் ஓவியர் கோகன் 20 மீட்டர் முரட்டுச் சணல் துணி வாங்கினார். அதில் அவரும் வரைந்தார், வான் கோவும் வரைந்தார். துணியை மட்டும் பார்த்தால் இருவரும் ஒருவரே! எங்கே, எப்போது என்பதை நெருக்க அது உதவும். யார் என்பதற்குத் தூரிகையையும் நிறமியையும் கடிதங்களையும் பார்க்கத்தான் வேண்டும். கண்ணால் பார்த்துத் தேர்ந்தவர்களின் வேலை போய்விட்டது என்று நான் சொல்லவில்லை, தயவுசெய்து அப்படிப் படிக்காதீர்கள்.

இன்னொன்று. பொருத்தமில்லை என்று முடிவுகட்டும் முன் படத்தைத் தலைகீழாக, பக்கவாட்டில், கண்ணாடிப் பிம்பமாக என்று 8 விதமாகவும் வைத்துப் பாருங்கள். ஃபிலிமைப் பின்பக்கமாக ஸ்கேன் செய்து அனுப்புவது சகஜம். துணியை வெட்டிய ஓவியரும் எது மேல்பக்கம் என்று சுருளைப் பார்த்து வெட்டியிருக்க மாட்டார்.