கேள்வி–பதில்: பி.எம்.பி-2-ஐ வைத்துக்கொண்டு டேங்கோடு மோதலாமா?

ஏனுங்க, வார் தண்டர்ங்கற கம்ப்யூட்டர் ஆட்டத்துல பி.எம்.பி-2ங்கற ரஷ்யக் கவச வண்டியை எடுத்துட்டுப் போயி டேங்குக்கு முன்னாடி நின்னு நூறு ரவுண்டு அடிச்சாலும் ஒண்ணும் ஆகறதில்லீங்க. அவன் ஒரே அடியில முடிச்சுப்போடறான். இந்த வண்டி எதுக்குத்தானுங்க ஆகும்? ஓடற வண்டிக்கு எவ்வளவு முன்னாடி குறி வெக்கோணுங்க?
*– வாசகர், கோபிசெட்டிபாளையம்*

முன்னாடி போய் நின்றதுதான் வினை. நவீன டேங்க் எதன் முன்கவசத்தையும் பி.எம்.பி-2-இன் 30 மி.மீ. குண்டு அசைக்காது. பக்கவாட்டிலும் டேங்குக்கு டேங்க் வித்தியாசம் உண்டு. ஜெர்மன் டேங்கான லெப்பர்டு-1-இன் உடற்பகுதியில் பக்கக் கவசம் சுமார் 35 மி.மீ.தான், நேர்ச்செங்குத்தாக அடித்தால் உள்ளே போய்விடும். ரஷ்ய டேங்கான டி-72-க்கு அதே இடத்தில் 80 மி.மீ. இருக்கிறது. சாதாரணக் கவசத்துளைப்பு ரவுண்டு அங்கே பலிக்காது. பின்பக்கம் போக வேண்டும், இல்லாவிட்டால் வண்டியிலுள்ள ஏவுகணைதான்.

எதிர்பாராமல் முகத்துக்கு முகம் மாட்டிக்கொண்டால் முதலில் எதிரியின் பீரங்கிக் குழாயை அடியுங்கள். பலரும் ட்ராக்கை, அதாவது சக்கரங்களைச் சுற்றி ஓடும் சங்கிலிப் பட்டையைத்தான் முதலில் அறுக்கிறார்கள். ட்ராக் அறுந்தவன் நின்ற இடத்திலிருந்தே உங்களைச் சுடுவான். குழாய் கெட்டவன் பழுது பார்த்து முடிக்கும்வரை சுட முடியாது. குழாய்க்கு அப்புறம் முன்சக்கரத்தில் நாலைந்து ரவுண்டு, உடனே புகைக்குண்டு, பிறகு பக்கவாட்டுக்கு ஓட்டம். அங்கேயே நின்று ‘செத்தானா’ என்று பார்த்துக்கொண்டிருந்தால் அவனுடைய கூட்டாளி உங்களை முடித்துவிடுவான்.

ரவுண்டுக் கணக்கையும் கவனியுங்கள். நிஜ பி.எம்.பி-2-இல் 500 ரவுண்டு இருக்கும்: 160 கவசத்துளைப்பு, 340 வெடிகுண்டு வகை. அதன் 30 மி.மீ. 2ஏ42 துப்பாக்கிக்கு இரண்டு வேகம். மெதுவானதில் நிமிடத்துக்கு 200 முதல் 300, வேகமானதில் 550-க்கு மேல். விசையை விடாமல் வேகத்தில் அடித்தால் அந்த 160-ம் பதினேழு, பதினெட்டு விநாடியில் காலி. ஐந்தாறு ரவுண்டாக விட்டு விட்டு அடியுங்கள்; சிதறலும் குறையும், குண்டு எங்கே விழுகிறது என்றும் தெரியும். லாரி, மேல்மூடியில்லாத விமான எதிர்ப்பு வண்டி இவற்றுக்கு வெடிகுண்டு வகையே போதும்.

ஓடுகிற வண்டிக்கு எவ்வளவு முன்னால் குறிவைப்பது என்றும் கேட்டிருக்கிறீர்கள். மணிக்கு 36 கி.மீ. என்றால் விநாடிக்கு 10 மீட்டர். 800 மீட்டரைக் கடக்க 30 மி.மீ. குண்டுக்கு ஏறக்குறைய ஒரு விநாடி ஆகும். ஆகவே குறுக்கே ஓடும் டேங்குக்கு ஒன்றரை வண்டி நீளம் முன்னால் வையுங்கள்.

ஏவுகணை வெச்ச வண்டிகளை ஆட்டத்துல இருந்து எடுத்துப்போடோணும்னு என் தம்பி சண்டை புடிக்கறான். பத்து டன் சொச்ச வண்டி நாப்பது டன் டேங்கைச் சாய்க்கறது எந்த நியாயமுங்க?
*– வாசகர், திருப்பூர்*

தம்பியின் கோபம் புரிகிறது. ஆனால் ஏவுகணையை எடுத்துவிட்டால் இந்த வண்டிக்கு மிஞ்சுவது என்ன? நிஜத்தில் பி.எம்.பி-2-இன் முதல் வேலை ஏழு சிப்பாய்களைச் சண்டை நடக்கும் இடத்தில் இறக்கிவிட்டு, பின்னால் நின்று துணைக்குச் சுடுவது. வண்டிகள் மட்டும் மோதும் ஆட்டத்தில் அந்த ஏழு பேருக்கு இடமே இல்லை. பாதி வேலை போன வண்டிக்கு மிச்சப் பாதியை வைத்து விலை போடுகிறார்கள். சமநிலைத் தகராறெல்லாம் இங்கிருந்துதான் கிளம்புகிறது.

வார் தண்டர் இதைப் பேட்டில் ரேட்டிங்கால், அதாவது எந்த வண்டி எதனோடு மோதும் என்று தீர்மானிக்கும் எண்ணால், சரிக்கட்டப் பார்க்கிறது. 8.0 வண்டி எடுத்தால் 9.0 வரை எதிரி வரலாம். ஏவுகணை எந்த டேங்கையும் துளைக்கிறது என்பதற்காக ரேட்டிங்கை ஏற்றினால், அதே மெல்லிய கவசம் இன்னும் கொடிய எதிரிகளிடம் போய் மாட்டும். இறக்கினால் கீழ்மட்ட டேங்குகள் கதறும். ரேட்டிங் என்ற ஒரே எண்ணை வைத்து இதைத் தீர்க்கவே முடியாது என்பது என் கட்சி. ஸ்குவாட் என்ற இன்னொரு ஆட்டத்தின் வழி எனக்கு மேலாகப் படுகிறது. அங்கே கவச வண்டியை இயக்கத் வண்டி ஓட்டுநருக்கான தனிப் பாத்திரம் எடுத்த ஆட்கள் வேண்டும். வண்டி போனால் அணியின் டிக்கெட் (அணிக்குள்ள புள்ளிக் கையிருப்பு) குறையும், அடுத்தது வரக் காத்திருக்க வேண்டும். வண்டி வலுவாகவே இருக்கட்டும், இழந்தால் வலிக்கட்டும்.

பக்கத்துல நிக்கற டேங்குக்கு ஏவுகணை விட்டா வெடிக்கறதே இல்லை. தூரத்துல விட்டா மரத்துல மோதுது.
*– வாசகி, பொள்ளாச்சி*

பி.எம்.பி-2-இன் கான்குர்ஸ் ஏவுகணைக்குக் குறைந்தபட்சத் தூரம் சுமார் 75 மீட்டர். அதற்குள் எதிரி வந்துவிட்டால் துப்பாக்கிதான். அதிகபட்சம் 4,000 மீட்டர். வேகம் விநாடிக்கு 200 மீட்டர் சொச்சம். ஒரு கிலோமீட்டருக்கு ஐந்து விநாடி, கடைசித் தூரத்துக்கு இருபது விநாடி குறியை அசையாமல் பிடிக்க வேண்டும். அதற்குள் எதிரி புகையைக் கிளப்பிவிடுவான். ஆகவே 600 முதல் 1,500 மீட்டருக்குள், நின்றுகொண்டிருக்கும் இலக்குக்கு மட்டும் விடுங்கள். தென்னந்தோப்பு மாதிரி மரம் நெருங்கிய இடம் வேண்டாம். மேட்டில் டரட் (துப்பாக்கி இருக்கும் சுழலும் மேல்பகுதி) மட்டும் தெரிகிற மாதிரி நின்று, குறியை முதலில் டேங்குக்குக் கொஞ்சம் மேலே வைத்து, கடைசி விநாடியில் இறக்குங்கள். வழியிலுள்ள புதர், வரப்பு எல்லாம் தப்பும்.

அமெரிக்கக் கவச வண்டியான பிராட்லியின் டோ ஏவுகணைக்கு இரட்டைக் குழாய், அடுத்தடுத்து இரண்டு விடலாம். பி.எம்.பி-2-க்கு ஒன்றுதான், ஆள் மேல்மூடியைத் திறந்து மாற்ற வேண்டும். முதல் ஏவுகணை தவறினால் இடத்தை மாற்றிவிடுங்கள்.

வாரியர் எடுக்கலாமுங்களா?
*– வாசகர், தாராபுரம்*

பிரிட்டிஷ் கவச வண்டியான பழைய வாரியரின் 30 மி.மீ. ரார்டன் துப்பாக்கிக்கு மும்மூன்று ரவுண்டாகக் கிளிப் போட வேண்டும். ஓடும்போது குறியை நிலைநிறுத்தும் அமைப்பும் கிடையாது. நின்று நிதானமாகச் சுடுபவருக்குச் சரி. ஓடிக்கொண்டே அடிக்கும் பழக்கமுள்ளவருக்கு வேண்டாம்.

இந்த பி.எம்.பி நம்ம ராணுவத்துல இருக்குதுங்களா?
*– பள்ளி மாணவர், கரூர்*

இருக்கிறது தம்பி. ‘சரத்’ என்ற பெயரில் தெலங்கானாவின் மேடக் தொழிற்சாலையில் உரிமம் பெற்றுத் தயாரித்தார்கள். அதன் யு.டி.டி-20 டீசல் எஞ்சின் நம் ஆவடி எஞ்சின் தொழிற்சாலையில் செய்யப்பட்டது. எடை 14 டன் அளவு. தண்ணீரில் மிதந்தே ஆற்றைக் கடக்கும். இறங்கும் முன் வண்டியின் மூக்கில் மடங்கியிருக்கும் அலைத்தடுப்புத் தகட்டை உயர்த்துவார்கள். ஆட்டத்திலும் ஆறு குறுக்கிட்டால் பாலத்தில் போகாதீர்கள். பாலத்தைக் குறிவைத்துத்தான் எல்லாரும் உட்கார்ந்திருப்பார்கள். கரை சரிவாக இறங்குகிற இடம் பார்த்து நீந்துங்கள். நீரில் வேகம் மணிக்கு ஏழு கி.மீ. அளவுதான், ஆகவே எதிர்க்கரையில் ஆளில்லை என்று பார்த்துவிட்டு இறங்குங்கள்.